காவலன் நிற்கிறான்: மோதலாமா, பாயலாமா, காத்திருக்கலாமா?

ஓடியும் ஏறியும் தாவியும் தடைகளைக் கடந்து போகிற பிளாட்ஃபார்ம் கேம்களில் பள்ளமும் முள்ளும் நேர்மையானவை. பள்ளம் நேற்று இருந்த அகலத்தில்தான் இன்றும் இருக்கும். முள் எழும்பி இறங்கும் வேகமும் மாறாது. ஒரு முறை கணக்குப் பிடிபட்டுவிட்டால் அப்புறம் அது நம் கைக்குள். காவலன் மட்டும் அப்படிக் கட்டுப்பட மாட்டான். நாம் நகர்ந்தால் அவனும் நகர்வான், பின்வாங்கினால் துரத்துவான், வெட்டினால் சில சமயம் தடுப்பான், சில சமயம் வாங்கிக்கொண்டு விழுவான். 'தாண்டியது திறமையா, லக்கா' என்ற வாக்குவாதம் எப்போதும் காவலனை வைத்தே கிளம்புவதற்கு இதுதான் காரணம்.

வாக்குவாதமாகவே விட்டால் அதற்கு முடிவு கிடையாது. ஆனால் ஆடுகிறவருக்கு அந்த நொடியில் ஒரு முடிவு வேண்டும். எதிரே காவலன். வழிகள் மூன்று. நேருக்கு நேர் மோதலாம். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று பாய்ந்து தாண்டப் பார்க்கலாம். அல்லது நின்று கவனித்து, நமக்குத் தோதான இடத்துக்கு அவனை வரவழைத்து, அங்கே வைத்து ஏமாற்றலாம். மூன்றிலும் திறமைக்கும் வேலை உண்டு, அதிர்ஷ்டத்துக்கும் இடம் உண்டு. எது எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நேரம் மூன்றாவது வழிதான் சரி. அதிர்ஷ்டம் என்று நாம் பேர் வைப்பதில் பெரும்பகுதி, காவலனை எங்கே நின்று சந்தித்தோம் என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. விரல் வேகத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நிற்கும் இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆனால் மற்ற இரண்டு வழிகளும் சரியாக இருக்கும் தருணங்கள் உண்டு. அதையும் பார்த்துவிட வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு பழைய கேம்கள். ஒன்று, டக்ளஸ் ஸ்மித் உருவாக்கி 1983-இல் வெளிவந்த 'லோட் ரன்னர்'. மற்றது, ஜோர்டான் மெக்னர் உருவாக்கி 1989-இல் வெளிவந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. இரண்டுமே ஆப்பிள் 2 கணினிக்கு வந்தவை, இரண்டையும் வெளியிட்டது புரோடர்பண்ட் நிறுவனம். பழசு என்பதற்காக எடுக்கவில்லை. இவற்றில் வரும் காவலர்கள் இரண்டு எதிரெதிர் ரகம். ஒருவன் விதிப்படி ஓடுகிறவன், இன்னொருவன் பகடை உருட்டுகிறவன். பின்னால் வந்த எத்தனையோ கேம்களின் காவலர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோதான் நிற்கிறார்கள்.

விதிப்படி ஓடுகிறவன்

லோட் ரன்னரில் நம் ஆளுக்கு ஆயுதம் கிடையாது. குதிக்கவும் முடியாது. ஓடலாம், ஏணி ஏறலாம், கம்பியில் தொங்கிப் போகலாம், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடாது. அதற்கு மேல் ஒரே ஒரு வித்தை: தனக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ, காலடி மட்டத்துச் செங்கல்லைத் தோண்டலாம். லெவலில் கிடக்கும் தங்கத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு தப்பிக்க வேண்டும், காவலன் தொட்டால் உயிர் போய்விடும். மொத்தம் 150 லெவல்கள், எல்லாவற்றிலும் இதே சட்டம்தான்.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு இந்தக் காவலர்கள் பைத்தியக்காரர்கள் போலத் தெரிவார்கள். பக்கத்தில் வந்தவன் திடீரென்று முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்த் திசையில் ஓடுவான். 'நல்ல வேளை, தப்பித்தேன்' என்று நாமும் நினைத்துக்கொள்வோம். உண்மையில் அங்கே நல்ல வேளை எதுவும் இல்லை. நம்மோடு ஒரே வரிசையில் நின்று, நடுவில் வழியும் இருந்தால் அவன் நேராக வருவான். இல்லாவிட்டால், தான் நிற்கும் வரிசையில் இடமும் வலமும் பார்த்து, எந்த ஏணியில் ஏறினால் அல்லது எங்கே இறங்கினால் நம் வரிசைக்குக் கிட்டே வரலாம் என்று கணக்குப் போடுவான். அந்தக் கணக்கின்படி நல்ல ஏணி எதிர்த் திசையில் இருந்தால் அந்தப் பக்கம் ஓடுவான். அவ்வளவுதான். அதாவது, ஏணியில் ஒரு படி ஏறி நிற்பதும் இறங்கி நிற்பதும் அவனை வேறு வேறு திசைக்கு அனுப்பும்.

இது தெரிந்துவிட்டால் கேமே மாறிவிடும். அவனுக்குப் பயந்து ஓடிய நாம், அவனை ஓட்டத் தொடங்குவோம். ஒரு படி மேலே, அவன் அந்த மூலைக்குப் போகிறான். ஒரு படி கீழே, திரும்பி வருகிறான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அதிர்ஷ்டமான தப்பித்தல் போலவே இருக்கும்.

குழி தோண்டுவதையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரே வரிசையில் இடப்பக்கமிருந்து ஒருவன் வருகிறான். நாம் நின்ற இடத்திலிருந்தே இடப்பக்கம் தோண்டுகிறோம். செங்கல் உடைந்து குழி திறக்க ஒரு கணம் பிடிக்கும். அதற்குள் அவன் அந்தச் செங்கல்லின் மேல் வந்துவிட்டால் தோண்டுவது பலிக்காது, தோண்டுகிற கோலத்திலேயே மாட்டிக்கொள்வோம். ஓரிரு கட்டம் தள்ளி அவன் இருக்கும்போதே தோண்டினால், வந்து விழுவான். கையில் தங்கம் வைத்திருந்தால் அதையும் விட்டுவிடுவான். அவன் தலைமேல் ஓடி நாம் மறுபக்கம் போய்விடலாம். கொஞ்ச நேரத்தில் அவன் ஏறி வெளியே வந்து மறுபடி துரத்துவான்.

இதையே ரொம்ப முன்னதாகத் தோண்டிவிட்டால் கதை வேறு. குழி தானாகவே மூடிக்கொள்ளும் நேரம் நெருங்கியபோது அவன் வந்து விழுவான். ஏறுவதற்குள் செங்கல் மூடிவிடும், செத்துப்போவான். செத்தவன் திரும்பவும் திரையின் மேல்பக்கத்தில் முளைத்து வருவான்.

இந்த இடத்தில்தான் நல்ல ஆட்டக்காரரும் சாதாரண ஆட்டக்காரரும் பிரிகிறார்கள் என்று நினைக்கிறேன். காவலனைக் கொல்வது வெற்றி மாதிரித் தெரியும். ஆனால் குழிக்குள் உயிரோடு இருப்பவன் எங்கே இருக்கிறான், எப்போது வெளியே வருவான், வந்ததும் எந்தப் பக்கம் ஓடுவான் என்று நமக்குத் தெரியும். செத்து மேலே முளைப்பவன் நம் திட்டத்துக்குள் எங்கே வந்து விழுவான் என்று அந்த அவசரத்தில் கணிப்பது கஷ்டம். கையிலிருந்த தெளிவைக் கொடுத்துவிட்டு ஒரு சீட்டை இழுப்பது போன்ற பேரம் அது. மேல்தளத்தில் தங்கம் பாக்கி இருக்கும்போது கொல்லாமல் விடுவதே பெரும்பாலும் நல்லது. மேல்தளம் முழுக்க அள்ளி முடித்துவிட்டுக் கீழே வேலை பார்க்கும்போது, அவனை மேலே அனுப்பிவைப்பது லாபம்: திரும்ப இறங்கி வர அவனுக்கு நேரமாகும்.

ஆக, லோட் ரன்னரில் பாய்ந்து தாண்டுவது என்ற வழிக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை. காவலன் தொட்டாலே சாவு, நமக்குக் குதிக்கவும் முடியாது, அவனுக்கோ தெளிவான விதிகள் இருக்கின்றன. இங்கே அதிர்ஷ்டத்தை நம்புவது, படிக்கக் கூடிய கேள்வித்தாளைப் படிக்காமலே பதில் எழுதுவதுதான்.

பகடை உருட்டுகிறவன்

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் நிலைமை தலைகீழ். இளவரசியைக் காப்பாற்ற மொத்தம் 60 நிமிடம். செத்தால் லெவலின் தொடக்கத்துக்குப் போவோம், ஆனால் கடிகாரம் நமக்காக நிற்காது. ஆரம்பத்தில் 3 உயிர்ப்புள்ளிகள். முதல் லெவலில் வாளைத் தேடி எடுப்பதற்கு முன் காவலன் எதிரே போய் நின்றால் ஒரே குத்தில் கதை முடிந்துவிடும்.

மெக்னரின் தந்தை பழைய டிஸ்க்குகள் இருந்த பெட்டியைக் கண்டெடுத்துக் கொடுத்ததால், 2012-இல் அந்த ஆப்பிள் 2 மூலநிரல், அதாவது கேமை இயக்கும் கட்டளைகளின் எழுத்து வடிவம், இணையத்துக்கு வந்தது. காவலனின் மனசு எப்படி வேலை செய்கிறது என்பதை அதில் யாரும் பார்க்கலாம். திறமையா லக்கா என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எங்கும் கிடைக்காது. ஒவ்வொரு வகைக் காவலனுக்கும் சில எண்கள் கொடுத்திருக்கிறார்கள். வெட்டுவதற்கு ஓர் எண், நம் வெட்டைத் தடுப்பதற்கு ஓர் எண், தடுத்த கையோடு திருப்பி வெட்டுவதற்கு ஓர் எண், முன்னால் அடியெடுத்து வைப்பதற்கு ஓர் எண். அந்தந்தத் தருணம் வரும்போது கணினி 0 முதல் 255 வரைக்குள் ஏதோ ஓர் எண்ணைப் பொறுக்கும். அது காவலனின் எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் அவன் அந்தக் காரியத்தைச் செய்வான், இல்லாவிட்டால் சும்மா இருப்பான். சில காவலர்களுக்குத் தடுக்கும் எண் உச்சத்தில் இருக்கும். ஆற அமர வெட்டினால் கிட்டத்தட்ட எப்போதும் தடுத்துவிடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, பகடை எங்கே இல்லை என்பதுதான். நம் வாள்வீச்சில் அது இல்லை. வாளோடு வாள் நின்று சண்டை போடும்போது, பட்ட வெட்டு ஒரு புள்ளியை எடுத்தே தீரும். பாதி அடி, பலமான அடி என்றெல்லாம் கிடையாது. நாம் பட்டனை அழுத்திய கணத்தில் வெட்டு கிளம்பிவிடும். பகடை முழுக்க அவன் பக்கம், அதுவும் குறிப்பிட்ட சில தருணங்களில் மட்டும். அப்படியானால் திறமை என்பது, அவன் எந்தத் தருணத்தில், எந்த எண்ணை வைத்து உருட்ட வேண்டியிருக்கிறது என்பதை நாம் தேர்ந்தெடுப்பதுதான்.

ஒரே ஒரு சண்டையைப் பார்ப்போம். வாள் எட்டுகிற தூரம் வந்ததும் வெட்டுகிறோம். அவன் தடுக்கிறான், 'டிங்' என்று சத்தம். புதிதாக ஆடுகிறவர் இங்கே பின்வாங்கி, மூச்சு வாங்கி, மறுபடி முன்னால் போய் வெட்டுவார். பின்வாங்கிய அந்த இடைவெளியில் காவலனின் தடுக்கும் வாய்ப்பு பழையபடி முழுசாகத் திரும்பியிருக்கும். அதற்குப் பதிலாக, தடுத்த சத்தம் கேட்டவுடனே இரண்டாம் வெட்டை அனுப்பிப் பாருங்கள். ஒரு வெட்டை இப்போதுதான் தடுத்த காவலனுக்கு நிரல் வேறோர் எண்ணைப் பயன்படுத்துகிறது. பெரும்பாலான வகைகளுக்கு அது முதல் எண்ணைவிட நன்றாகவே குறைவு. அந்தச் சலுகை மிகச் சிறிய நேரத்துக்குத்தான். அதே போல, அவன் வெட்டும்போது நாம் தடுத்து, தடுத்த கையோடு திருப்பி வெட்டுவதும் அவனுக்கு யோசிக்க இடம் கொடுக்காத ஆட்டம். நிரலை ஒரு வரிகூடப் பார்க்காதவர்களும் பல காலமாக இப்படித்தான் ஆடி வந்திருக்கிறார்கள். கை அறிந்ததை நிரல் பிற்பாடு உறுதிசெய்தது.

ஆகவே இங்கே மோதுவதில் லக் உண்டு, ஆனால் மோதத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே லக் அல்ல. பகடை அதேதான். எத்தனை முறை உருட்டவிடுகிறோம், எந்த நிலையில் உருட்டவிடுகிறோம் என்பது நம் கையில்.

மூன்றாவது வழி இதைவிட ஒரு படி மேலே போகிறது. பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் காவலனுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி இருந்தால் என்ன? வெட்டுப் பட்டுப் பின்னால் தள்ளப்பட்டால் விழுந்துவிடுவான். நாலைந்து வெட்டு வேண்டிய சண்டை ஓரிரண்டில் முடிந்துவிடும். பள்ளம் நம் முதுகுப்பக்கம் இருந்தால் இதே கணக்கு நமக்கு எதிராகத் திரும்பும். ரொம்ப நெருங்கிப் போனால் இருவரும் இடம் மாறிக்கொள்ளவும் முடியும், அதனால் தப்பான பக்கம் மாட்டிக்கொண்டாலும் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது.

மூன்றாம் லெவலில் வரும் எலும்புக்கூடு இதைப் பாடமாகவே நடத்துகிறது. அதை எத்தனை முறை வெட்டினாலும் சாகாது. அங்கே வாள்திறமையும் உதவாது, நல்ல பகடையும் உதவாது. தள்ளிக்கொண்டே போய் விளிம்பிலிருந்து கீழே விழவைக்க வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டாம் லெவலில் நம்முடைய நிழலுருவம் எதிரே வரும்போது நிலைமை இன்னும் மேலே போகிறது. அதை வெட்டினால் நம் புள்ளி குறையும். வாளை உறையில் போட்டுவிட்டு நடந்தால் அது நம்மோடு கலந்துவிடும். எதிரே ஒருவன் நின்றாலே மோத வேண்டும் என்ற பழக்கத்தை மெக்னர் அங்கே உடைத்துப் போடுகிறார். ஒரு வடிவமைப்பாளர் இவ்வளவு யோசித்திருக்கிறார் என்பதே எனக்கு மகிழ்ச்சி தரும் விஷயம்.

கூட்டிப் பார்த்தால்

ஒற்றைக் காவலனை வைத்து முடிவெடுக்கும்போது பாய்ந்துவிடலாம் என்றே தோன்றும். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறதே! ஆனால் லெவலில் ஒரே ஒரு காவலன் இருப்பது அபூர்வம். ஐந்து பேர் வரிசையாக இருக்கிறார்கள், ஒருவனிடம் மாட்டினாலும் முதலிலிருந்து ஆட வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொருவனையும் தாண்டும் வாய்ப்பு பாதி என்றால், ஐந்து பேரையும் ஒரே மூச்சில் தாண்டும் வாய்ப்பு 32-இல் 1, அதாவது 3 சதவீதம். ஒவ்வொன்றுக்கும் 80 சதவீதம் என்றால் மொத்தம் சுமார் 33 சதவீதம். 95 சதவீதம் என்றால் சுமார் 77.

80-க்கும் 95-க்கும் இடையே ஒரு தனிச் சண்டையில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டும் 'பெரும்பாலும் ஜெயிக்கும்' என்றுதான் மனசில் பதியும். ஐந்து பேர் வரிசையில் அது மூன்றில் ஒரு முறை ஜெயிப்பதற்கும் நான்கில் மூன்று முறை ஜெயிப்பதற்கும் உள்ள வித்தியாசம். 'நான் நன்றாகத்தான் ஆடுகிறேன், கடைசியில் லக்தான் கவிழ்க்கிறது' என்று சொல்கிற பலர் இந்த 80-இல் நிற்பவர்கள். அவர்களுக்கு அதிர்ஷ்டம் போதவில்லை என்பதல்ல. ஒவ்வொரு காவலனிடமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவைத்த ஓட்டை கடைசியில் சேர்ந்து நிற்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பாய்ந்து ஒரு தடவை தாண்டிவிட்டால் அதையே சரியான வழி என்று மனசு பிடித்துக்கொள்ளும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அடுத்த முறை அதே இடத்தில் அதே மாதிரிப் பாய்ந்து செத்தால், 'போன தடவை வந்ததே' என்று மறுபடியும் அதையே செய்வோம். மூன்று வழிகளில் பாய்ச்சலுக்கு மட்டும் உள்ள பெரிய குறை இது என்பேன். தோற்றாலும் ஜெயித்தாலும் அது எதையும் கற்றுத்தராது.

முன்னால் விழும் பகடை, பின்னால் விழும் பகடை

அதிர்ஷ்டம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நாம் முடிவெடுப்பதற்கு முன்னாலேயே விழுந்துவிட்ட பகடை வேறு, முடிவெடுத்த பின் விழும் பகடை வேறு. 2008-இல் முதலில் வெளிவந்த 'ஸ்பெலங்கி' ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லெவலைப் புதிதாகக் கலைத்துப் போடுகிறது. துப்பாக்கி வைத்திருக்கும் கடைக்காரர் எங்கே நிற்பார் என்பது முழுக்க அதிர்ஷ்டம். ஆனால் திரையில் அவரைப் பார்த்த பிறகுதான் நாம் முடிவெடுக்கிறோம். வந்த சீட்டைப் பார்த்து ஆடலாம். அங்கே மனப்பாடம் செல்லாது, ஆனால் நிதானம் செல்லும். அதனால்தான் அவ்வளவு கலைத்துப் போட்டும் அது திறமை ஆட்டமாகவே இருக்கிறது.

பிரின்ஸின் காவலன் தடுப்பானா மாட்டானா என்பது பின்னால் விழும் பகடை. நாம் வெட்டிவிட்டோம், இனி மாற்ற முடியாது. இந்த வகையை எதிர்கொள்ள ஒரே வழி, தடுத்தாலும் நமக்குச் சேதம் இல்லாத இடத்தில் நின்று வெட்டுவது. தடுத்தால் என்ன, இரண்டாம் வெட்டு தயாராக இருக்கிறது. அவன் திருப்பி வெட்டினால் என்ன, முதுகுக்குப் பின்னால் பள்ளம் இல்லை. எது விழுந்தாலும் அடுத்த வேலை நமக்குத் தெரிந்திருக்கிறது.

கண்ணுக்கும் விரலுக்கும் நடுவே உள்ள நேரத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். திரையில் ஒன்றைப் பார்த்து விரல் அசைய மனிதருக்குச் சுமார் கால் நொடி ஆகும். நொடிக்கு 60 படங்கள் ஓடும் கேமில் அது 15 படங்கள். நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு படங்களே ஓடும் பிரின்ஸில் அது வெறும் 3 படம். காவலன் வாளை ஓங்குவது அதைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்தால், பார்த்துத் தடுப்பது யாராலும் ஆகாது. முன்கூட்டி ஊகித்துத்தான் தடுக்க முடியும், ஊகம் என்றாலே கொஞ்சம் லக் சேர்ந்துவிடும். மறுபடியும் தூரம்தான் உதவிக்கு வருகிறது. ஓரடி தள்ளி நின்றால் அவன் முதலில் அடியெடுத்து வைத்தாக வேண்டும். அந்த அடி நமக்கு முன்னறிவிப்பு. கைவேகம் கூடவில்லை, ஆனால் நேரம் கிடைத்துவிட்டது.

காத்திருப்பது எப்போதும் இலவசம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேமில், பெரும்பாலும் ஜோடியாக நின்று சுத்தியல் வீசுகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது குதிப்பார்கள், எத்தனை சுத்தியல் வீசுவார்கள் என்பதைத் தாளமாகப் பிடிக்க முடியாது. நின்று கவனித்தால் தெளிவு பிறக்காது, தலைக்கு மேல் சுத்தியல்தான் கூடும். அவர்கள் செங்கல் மேடையில் நிற்கும்போது அடியிலிருந்து முட்டித் தூக்குவது ஒரு வழி. அவர்கள் குதித்த கணத்தில் அடியில் ஓடிப்போவது இன்னொரு வழி. இரண்டிலும் தாமதம் நல்லதல்ல. கவனிப்பதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை என்றால் கவனிப்பது நேர விரயம்.

அப்படியானால் எதிரே நிற்பவன் எந்த ரகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதே இடத்தில் நின்று, அதே காரியத்தைச் சில தடவை செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்தால் அவனுக்கு விதி இருக்கிறது, படித்துவிடலாம். மாறி மாறி நடந்தால் பகடை. ஆனால் எமுலேட்டரில் (பழைய கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருளில்) ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைத்து இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் ஒன்றில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கணினியின் பகடை உண்மைப் பகடை அல்ல. ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணைக் கணக்குப் போட்டு எடுப்பது. நிலையைச் சேமிக்கும்போது அந்த எண்ணும் சேர்ந்து சேமிக்கப்படும். ஆகவே அதே நிலையைத் திறந்து, அதே கணத்தில் அதே பட்டனை அழுத்தினால் பகடைக் காவலனும் விதிக் காவலன் மாதிரியே நடந்துகொள்வான். சற்றே தாமதித்து அழுத்திப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். கருவியின் துணையோடு படம் படமாக நகர்த்தி ஆடுகிறவர்கள் இந்தக் குணத்தை வைத்தே தங்களுக்கு வேண்டிய எண் வரும்வரை கணத்தைத் தள்ளிப்போட்டு, லக் என்பதையே ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

எதை எப்போது

இனி தேர்வு. முதல் கேள்வி, இங்கே செத்தால் எனக்கு என்ன நஷ்டம்? லெவல் தொடங்கிய அடுத்த நொடியில் நிற்கும் காவலனிடம் செத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. அங்கே பாய்ந்து பார்க்கலாம், மோதிப் பார்க்கலாம், எதை வேண்டுமானாலும் சோதிக்கலாம். லெவலின் கடைசியில், எல்லாவற்றையும் கடந்து வந்தபின் நிற்பவனிடம் அப்படிச் செய்யக் கூடாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் காவலனிடம் ரொம்ப ஜாக்கிரதை, கடைசிக் காவலனிடம் வாசல் தெரிந்த அவசரத்தில் பாய்ச்சல்.

இரண்டாவது, காவலனைத் தாண்டிய பின் என் நிலை என்ன? பாய்ந்து தாண்டினால் அவன் உயிரோடு முதுகுக்குப் பின்னால் இருப்பான். அந்தப் பக்கம் சட்டென்று ஏறிப்போக ஏணியோ தொற்றிக்கொள்ள விளிம்போ இருந்தால் சரி. கதவு திறக்கக் காத்திருக்க வேண்டிய இடமாக இருந்தால் தாண்டியதற்கே அர்த்தமில்லை. திரும்பி வர வேண்டிய வழி என்றால் அவனைத் தீர்த்துவிட்டுப் போவதே நல்லது. அங்கே மோதுவதுதான் முதல் தேர்வு, அதுவும் விளிம்புப் பக்கமாக அவனை வைத்து.

மூன்றாவது, நேரம் எவ்வளவு மிச்சம்? என் கட்சியை நானே விட்டுக்கொடுக்கும் இடம் இது. பிரின்ஸில் 40 நிமிடம் கையில் இருக்கும்போது ஒரு காவலனிடம் இரண்டு நிமிடம் செலவழித்து அவன் குணத்தைத் தெரிந்துகொள்வது நல்ல முதலீடு. அதே லெவலுக்குத் திரும்ப வரும்போதெல்லாம் அது பலன் தரும். ஆனால் மூன்று நிமிடம்தான் மிச்சம், இன்னும் போக வேண்டிய தூரம் ஐந்து நிமிடம் என்றால், நிதானமாக ஆடினால் தோல்வி நிச்சயம். நிச்சயத் தோல்வியைவிடப் பத்தில் ஒரு வாய்ப்பு பெரிசு. அப்போது பாய்வதுதான் சரியான கணக்கு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாய்வது என்று முடிவு செய்தாலும் வாளை உறையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். உருவிய வாளோடு நின்றால் ஒரு வெட்டுக்கு ஒரு புள்ளிதான் போகும். உறையிலிட்ட வாளோடு போகிறவனுக்கு எத்தனை புள்ளி மிச்சம் இருந்தாலும் ஒரே குத்துதான். ஆகவே வாளை உருவிக்கொண்டே நெருங்குங்கள், அவன் வெட்டைத் தடுத்தபடி இடம் மாறி மறுபக்கம் போங்கள், அவன் வாளுக்கு எட்டாத தூரம் பின்வாங்கியபின் உறையில் போட்டுவிட்டு ஓடுங்கள்.